கள்ளிவயல் ரோடு ஸ்டேஷனின் தல வரலாறு

கள்ளிவயல் ரோடு என்ற ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கள்ளிவயலும் கிடையாது, ரோடும் கிடையாது. ஊர் மேற்கே இரண்டு கண்மாய்களைத் தாண்டி இருந்தது. ரோடு கிழக்கே பொட்டலைத் தாண்டி இருந்தது. இரண்டுக்கும் நடுவில், யாருக்கும் எந்த விதத்திலும் உதவாத இடமாகப் பார்த்து வெள்ளைக்காரன் ஸ்டேஷனைக் கட்டிவிட்டுப் போயிருந்தான். ஓடு வேய்ந்த ஓர் அறை, ஒரு வேப்பமரம், ஒரு மணி, ஒரு பெயர்ப்பலகை. பிளாட்பாரம் என்று சொல்லப்பட்டது, சரளைக்கல் பரப்பிய வெறுந்தரை. ரயில் வந்து நின்றால் பெட்டியின் படி ஆள் இடுப்புக்கு மேலே இருக்கும். நெட்டையான ஆண்பிள்ளைகள் தொத்தி ஏறிவிடுவார்கள். மற்றவர்கள் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டு ஏறுவார்கள்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த அடுத்த வருஷம் ஞானராஜ் அங்கே ஸ்டேஷன் மாஸ்டராக வந்தார். ஆவூர்க்காரர், மாதாகோயில் சாமியார்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர். மேலே இருப்பவர்களிடம் பணிவாக எடுத்துச் சொன்னால் எந்தக் காரியமும் நடந்துவிடும் என்று மனசார நம்புகிறவர். அவருக்குக் கீழே இருளாண்டி என்று ஒரு போர்ட்டர். ஸ்டேஷனின் மொத்த சேனை இவ்வளவுதான்.

காலை ரயிலில் கள்ளிவயல் பெண்கள் கூடையோடு புதுக்கோட்டைச் சந்தைக்குப் போவார்கள். அவர்களில் செங்கமலம் முக்கியமானவள். அவள் புருஷன் உடையப்பன் கிணறு வெட்டப் போன இடத்தில் இடுப்பில் கல் விழுந்து படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. ஆகவே செங்கமலத்தின் கத்திரிக்காய்க் கூடை சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும். இது ஊருக்கே தெரியும். ரயிலுக்குத் தெரியாது.

ஓர் ஆவணி மாசத்துக் காலையில், தலையில் கூடையோடு கம்பியைப் பிடித்து ஏறியவள் பிடி நழுவி மல்லாக்க விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. கத்திரிக்காய் தண்டவாளமெல்லாம் உருண்டது. கார்டு எட்டிப் பார்த்தார், ஐயோ பாவம் என்றார், பச்சைக் கொடியைக் காட்டினார். ரயில் நேரத்துக்குக் கிளம்ப வேண்டுமே!

ஞானராஜுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பிளாட்பாரத்தை உயர்த்தித் தரும்படி மேலிடத்துக்கு எழுதினார். கள்ளிவயல் ரோடில் ஏறும் பயணிகள் மிகவும் குறைவு, பயணிகள் பெருகினால் பிளாட்பாரத்தை உயர்த்துவது பற்றி யோசிக்கப்படும் என்று பதில் வந்தது. பிளாட்பாரத்தை உயர்த்தினால்தான் பயணிகள் பெருகுவார்கள் என்று இவர் திரும்ப எழுதினார். 'தங்கள் கருத்து நன்றியுடன் பெறப்பட்டது. இனிமேல் கருத்து அனுப்ப வேண்டாம்' என்று பதில் வந்தது.

"என்னாங்க மாஸ்டரு, படி வருதா?" என்று செங்கமலம் கையைக் கழுத்தோடு தூளி கட்டிக்கொண்டு வந்து கேட்டாள்.

"யோசிக்கிறாங்கக்கா."

"யோசிக்கிறவுங்கள இங்கிட்டு வந்து ஒரு தடவ ஏறிப் பாத்துட்டு யோசிக்கச் சொல்லுங்க. எனக்குக் கை ரெண்டுதான் இருக்கு."

கை கூடிய பிறகு அவளே ஒரு வழி செய்தாள். அவள் மாமியார் செத்துப்போனதிலிருந்து ஒரு பெரிய ஆட்டுரல் கொல்லைப்பக்கம் சும்மா கிடந்தது. அதை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து, பெண்கள் பெட்டி நிற்கும் இடத்தில் இறக்கினாள். இருளாண்டி அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டான். குழி அடியில் போய்விட்டது. தட்டையான அடிப்பாகம் மேலே வந்து நல்ல படிக்கட்டாகிவிட்டது. அதில் ஒரு கால், பெட்டிப் படியில் ஒரு கால். செங்கமலம் கூடையோடு ராணி மாதிரி ஏறிப் போனாள்.

ஒரே ஒரு சங்கடம். உரல் என்பது சோறு போடுகிற கல். அதில் காலை வைப்பது ஆகாத காரியம். ஆகவே செங்கமலம் ஒவ்வொரு நாளும் ஏறுவதற்கு முன் குனிந்து உரலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "தாயே, பொறுத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் கால் வைப்பாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் அப்படியே செய்தார்கள். பிறகு ஆண்களும் செய்தார்கள். ஒரு நாள் ஞானராஜே ஏதோ யோசனையில் அதைத் தொட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். வினையே இந்தப் பழக்கத்தில்தான் இருந்தது.

நம் நாட்டில் ரயில் ஓடத் தொடங்கி நூறு வருஷம் ஆயிற்று என்று எங்கும் விழாக் கொண்டாடிய வருஷம் அது. காலை ரயிலில் கார்டு வண்டியிலிருந்து குதித்து இறங்கினார் ஓர் இன்ஸ்பெக்டர். குதித்ததில் கால் பிசகிவிட்டது, ஆகவே கோபமாக இருந்தார். எதிரே பெண்கள் வரிசையில் நின்று ஒரு கல்லைத் தொட்டுக் கும்பிட்டுக் கும்பிட்டு ரயில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மாஸ்டர் இது? ரயில்வே எடத்துல யாரோட கல்லு? இது ஆக்கிரமிப்பு இல்லையா? ரயில் போன ஒடனே தூக்கி எறிஞ்சிருக்கணும். ஒங்களுக்கு ஒரு மெமோ வரும்."

"சரிங்க சார்."

"அப்புறம், நூற்றாண்டு விழாவுக்கு ஒவ்வொரு ஸ்டேஷனும் தன்னோட வரலாற்றை அனுப்பணும்னு உத்தரவு. ஒங்க ஸ்டேஷன் வரலாறு எங்க?"

"வரலாறுன்னா... ரயில் வரும் சார். அப்புறம் போயிடும் சார்."

"அது எல்லா ஸ்டேஷன்லயும்தான்யா நடக்குது. வரலாறு இல்லாத ஸ்டேஷனுக்கும் மெமோ உண்டு, தெரியுமா?"

ஞானராஜ் இரண்டு மெமோக்களுக்கும் நடுவே நின்றார். உரலைப் பார்த்தார். வண்டி ஜன்னலில் செங்கமலத்தின் கோணிப்போன மணிக்கட்டைப் பார்த்தார். அந்த நேரத்தில் எந்தச் சாத்தான் அவர் நாக்கில் உட்கார்ந்ததோ தெரியவில்லை.

"சார், அந்தக் கல்லுதான் சார் வரலாறு. ரொம்பப் பழசு. எல்லாரும் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் ஏறுவாங்க. நீங்களே பாத்தீங்களே!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நொண்டி நொண்டிப் போய், உரலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இதை ஏன்யா முன்னாடியே மேலிடத்துக்குச் சொல்லல? இதுக்கே ஒரு மெமோ குடுக்கலாம் ஒங்களுக்கு," என்றார்.

உரல் தப்பித்தது. தன் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் ஒரு நல்ல காரியத்துக்காகத்தான் சொன்னோம் என்று ஞானராஜ் சந்தோஷப்பட்டுக்கொண்டார். ரயில்வேயில் இத்தனை வருஷம் வேலை பார்த்தும் அவருக்கு ரயில்வே புரியவில்லை.

அடுத்த மாசம் வரலாற்றுக் குழு வந்தது. குழுத் தலைவர், ரயிலில் அடிபட்டுச் சாகும் ஆடுமாடுகளைப் பற்றி விசாரிக்கும் பிரிவிலிருந்து வந்தவர். செத்துப்போனதை விசாரித்து அனுபவம் உள்ளவர் என்பதால் வரலாற்றுக்கு அவரைப் போட்டிருந்தார்கள். கூடவே ஒரு கல் அறிஞர், ஓர் இசை அறிஞர். மூவரும் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். ஊரே கூடி நின்றது.

கல் அறிஞர் முதலில் எழுந்தார். "நார்த்தாமலையிலே விஜயாலய சோழீச்சரம் இருக்கிறது. அது கல்லால் ஆனது. இதுவும் கல்லால் ஆனது. இரண்டுக்கும் இடையே தூரமும் அதிகமில்லை. ஆகவே சோழ மன்னர் நார்த்தாமலைக்குப் போகும் வழியில் இந்த இடத்தில்தான் இறங்கியிருக்க வேண்டும்."

"எதுலேர்ந்து எறங்குனாரு சார்?" என்று இருளாண்டி கேட்டான்.

"அது மேலும் ஆராயப்பட வேண்டிய விஷயம்," என்றார் கல் அறிஞர்.

இசை அறிஞர் பென்சிலால் உரலைத் தட்டினார். அடியில் குழி இருக்கிற கல் ஆகையால் கொஞ்சம் கும்மென்று சத்தம் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். "குடுமியான்மலை இசைக் கல்வெட்டை நான் இருபது வருஷமாகப் படிக்கிறேன். அதில் ஏதோ ஒன்று குறைகிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும். குறைகிற ஸ்வரம் இதுதான்!" என்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது. உண்மையான நீர்தான்.

செங்கமலத்துக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சாமி, அது எங்க மாமியா ஒரலுங்க. அடியில குழி இருக்கு, பொரட்டிப் பாருங்க. அவ சாகுற மட்டுக்கும் அதுலதான் மாவாட்டுனா."

தலைவர் முகம் மலர்ந்தது. "கேட்டீர்களா? வாய்மொழி மரபு! 'மாமியார்' என்று இந்த மக்கள் சொல்வது ஒரு பழைய பெண் தெய்வமாக இருக்க வேண்டும்."

"தெய்வமா? அவளா?" என்றாள் செங்கமலம். ஊர்ப் பெண்கள் எல்லோரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஞானராஜும் முன்னால் வந்தார். "சார், மன்னிக்கணும். அது ஒரலுதான் சார். நான்தான் மெமோவுக்குப் பயந்துபோயி அப்புடிச் சொல்லிப்புட்டேன். ஏறுறதுக்குப் படி இல்லாம அந்தக்கா கொண்டாந்து போட்டது."

தலைவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "மாஸ்டர், நீங்க சொன்னதை இன்ஸ்பெக்டர் எழுதி, மேலிடம் ஒத்துக்கிட்டு, குழு போட்டு, நாங்களும் வந்தாச்சு. மேலிடம் ஒத்துக்கிட்டதை ஸ்டேஷன் மாஸ்டர் மறுத்துப் பேச விதி கிடையாது. உண்மையாவே இருந்தாலும் அது முறைப்படி மேலேர்ந்துதான் கீழ வரணும்."

"ஒரு தடவ பொரட்டிப் பாத்துருங்களேன் சார்."

"நாங்க மேல்பக்கக் குழு. அடிப்பக்கத்துக்கு வேற குழு வரும்," என்றார் தலைவர்.

அடிப்பக்கக் குழு வரவில்லை. இரும்பு வேலி வந்தது. உரலைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கம்பி போட்டு, கதவு வைத்து, பூட்டுப் போட்டு, சாவியை ஞானராஜிடம் கொடுத்தார்கள். 'வரலாற்றுச் சின்னம். தொடாதே. மிதிக்காதே' என்று பலகை மாட்டினார்கள்.

மறுநாள் காலையில் செங்கமலம் கூடையோடு வேலிக்கு முன்னால் நின்றாள். ரயிலைப் பார்த்தாள். வேலியைப் பார்த்தாள். ஞானராஜைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று ஞானராஜுக்கு இருந்தது.

அவர் தன் அறையிலிருந்து முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து போட்டார். சின்னத்தின் அழகைக் கெடுக்கும் பொருள் என்று முக்காலிக்குத் தடை வந்தது. பிளாட்பாரத்தையாவது உயர்த்துங்கள் என்று எழுதினார். மண் கொட்டி உயர்த்தினால் சின்னம் புதைந்துவிடும், ஆகவே கள்ளிவயல் ரோடின் பிளாட்பாரம் எந்தக் காலத்திலும் உயர்த்தப்படாது என்று பதில் வந்தது. முன்பு யோசிக்கவாவது செய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது அதுவும் போயிற்று.

இருளாண்டிக்கு மனசு கேட்கவில்லை. ரயில் வந்ததும் படிக்குக் கீழே குனிந்து நின்றுகொண்டு, "எம் முதுகுல கால வச்சு ஏறிக்கத்தா" என்றான். செங்கமலம் அழுதுகொண்டே அவன் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினாள். நாலைந்து நாள் இப்படி நடந்தது. அதற்கும் ஓர் உத்தரவு வந்தது. பணி நேரத்தில் போர்ட்டரின் முதுகு ரயில்வேக்குச் சொந்தம், அதை மேலிடத்து அனுமதி இல்லாமல் பொதுமக்கள் உபயோகத்துக்கு விடக் கூடாது என்று கண்டிருந்தது. ஞானராஜ் அதை இருளாண்டிக்குப் படித்துக் காட்டினார். படித்து முடித்ததும் ஆத்திரத்தோடு அதைக் கவிழ்த்து வைத்தார்.

சின்னத்தைத் திறந்துவைக்கப் பெரிய அதிகாரி வந்தார். வாழைமரம், தோரணம், நாதஸ்வரம், ரோஜாப்பூ மாலை. அதிகாரிகள் பிரயாணம் செய்யும் தனி சலூன் வண்டி வந்து வேலிக்கு நேராக நின்றது. கதவு திறந்தது. பெரிய அதிகாரி உண்மையிலேயே பெரியவர். கதவு முழுவதும் அவரே இருந்தார். கும்பிட்டுக்கொண்டே காலை எடுத்து வைக்கப் போனவர் கீழே பார்த்தார். தரை எங்கோ இருந்தது. ஒரு காலைத் தொங்கவிட்டுத் துழாவினார். எட்டவில்லை. காலை உள்ளே இழுத்துக்கொண்டார். திரும்பி நின்று, பின்பக்கமாக இறங்கப் பார்த்தார். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் இருளாண்டிக்குக் கண்ணைக் காட்டினார். அனுமதி இல்லாமல் முதுகைத் தரக் கூடாது என்ற உத்தரவை மனசில் வைத்துக்கொண்டு இருளாண்டி இரும்புக்கம்பி மாதிரி நிமிர்ந்து நின்றான்.

"எங்க ஒரலு வெளிய கெடந்தா சாமி இந்நேரம் எறங்கிருக்கலாம்!" என்று கூட்டத்திலிருந்து செங்கமலம் சத்தம் போட்டாள். அவளை அடக்கினார்கள்.

கடைசியில் பெரிய அதிகாரி கதவிலேயே நின்று பேசினார்.

"அன்பர்களே! ரயில்வே என்பது மக்களுக்காக இருப்பது. சில சமயம் மக்கள் இதை மறந்துவிட்டு, ரயில் தங்களுக்காக நிற்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். (கைதட்டல்.) நூறு ஆண்டுகளில் நாங்கள் எத்தனையோ ஸ்டேஷன்களைக் கட்டினோம். ஒன்றையாவது ஏறிப் பார்த்துக் கட்டினோமா? இல்லை. அவ்வளவு நம்பிக்கை எங்களுக்கு மக்கள்மேல்! (கைதட்டல்.) இந்த இடத்தில் ஏறுவதும் இறங்குவதும் எவ்வளவு சிரமம் என்பதை இன்று நான் நேரிலேயே அனுபவித்தேன். (பலத்த கைதட்டல்.) இந்தச் சிரமத்தை இனியும் நீங்கள் படக் கூடாது. அதைப் போக்குவது எங்கள் கடமை. ஆகவே இன்று முதல் கள்ளிவயல் ரோடில் யாரும் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். எந்த ரயிலும் இங்கே நிற்காது!"

பழக்கதோஷத்தில் ஜனங்கள் கைதட்டினார்கள். தட்டிக்கொண்டே இருக்கும்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு கையாக நின்றது.

"ஆனால் வரலாற்றை நாங்கள் மறக்கமாட்டோம். இந்தப் பக்கம் போகிற ஒவ்வொரு ரயிலும் சின்னத்துக்கு மரியாதையாக விசில் ஊதிவிட்டுத்தான் போகும்," என்று முடித்தார் பெரிய அதிகாரி. சலூன் விசில் ஊதிவிட்டுப் போயிற்று.

ரயில் நிற்காத ஸ்டேஷனை மூடிவிடுவார்கள் என்று ஞானராஜ் நினைத்தார். மூடவில்லை. ரயில் நின்ற காலத்தில் இரண்டு பேர் பார்த்த ஸ்டேஷனுக்கு, நிற்காத காலத்தில் ஒரு காவலாளியும் சின்னத்துக்கு ஒரு மேற்பார்வையாளரும் கூடுதலாக வந்தார்கள். அவர்களுக்கு வேலை இல்லாததால் பெரும்பாலும் லீவில் இருந்தார்கள். ஞானராஜ் தினமும் பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ரயில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு, உரலுக்கு விசில் ஊதிவிட்டு, அவரைக் கடந்து போகும்.

செங்கமலம் பொட்டலைத் தாண்டி ரோட்டுக்கு நடந்தாள். பஸ் வரும், ஆனால் அதன் படியும் உயரம். அவள் கூடையை இறக்கி, உள்ளே வைத்து, கம்பியைப் பிடித்து ஏறுவதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிடுவான். பாதி நாள் கூடை ஏறும், அவள் ஏறமாட்டாள். சந்தைக்குப் போய்ச் சேரும்போது கத்திரிக்காய் வாடியிருக்கும், வாங்குகிறவர்கள் போயிருப்பார்கள். உடையப்பனுக்கு மருந்து நின்றுபோயிற்று.

ஒரு பகலில் அவள் மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டாள்.

"மாஸ்டரு, எவ் ஒரலக் குடுத்துருங்க. நான் ஒண்ணும் ஒங்க டேசனக் கேக்கல, ரயிலக் கேக்கல. ஒரலத்தான் கேக்குறேன்."

"அக்கா, அதுல கைய வச்சா எவ் வேலை போயிரும்க்கா."

"ஒங்களுக்கு வேலைன்னா அது என்னா வேலைங்க? நிக்காத ரயிலுக்குக் கொடி ஆட்டுறதா? எங்க மாமியா செத்து இம்புட்டு வருசமாச்சு. அவளுக்குத் தெனம் விசிலு அடிக்கிறீங்க. உசுரோட இருக்குற எனக்கு ஒரு நாளாச்சும் நிறுத்துனீங்களா?"

இத்தனை வருஷமாக ஞானராஜ் எழுதிய பணிவான கடிதங்களெல்லாம் அவர் ஞாபகத்துக்கு வந்தன. 'தங்கள் உண்மையுள்ள' என்று எத்தனை தடவை கையெழுத்துப் போட்டிருப்பார்! திடீரென்று உள்ளே போனார். சாவியோடு வந்தார். "எலே இருளாண்டி, கடப்பாரைய எடுடா. வேலை போனாப் போகுது. மயிரு வேலை!" என்றார். பள்ளிக்கூடத்துச் சாமியார்கள் கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பார்கள்.

மூன்று பேருமாக உரலைப் புரட்டினார்கள். குழிக்குள் ஒரு தேரை குந்தியிருந்தது. அடிப்பக்கத்தை ஆராய வந்த ஒரே உறுப்பினர் அதுதான். அது அவர்களைப் பார்த்துவிட்டு நிதானமாகத் தாவிப் போயிற்று. உரலை உருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது ரயில் வந்துவிட்டது. இருளாண்டி பதறிப்போய்த் துண்டால் உரலை மூடினான். தேவையே இருக்கவில்லை. டிரைவர் வெறும் வேலியைப் பார்த்து நீளமாக விசில் ஊதினார். ஜன்னலோரத்தில் இருந்த பயணிகள் சிலர் வெறும் வேலியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஞானராஜ் பச்சைக் கொடியைக் காட்டினார். ரயில் போயிற்று.

ஞானராஜின் வேலை போகவில்லை. உரல் போனதை யாரும் கவனிக்கவில்லை. வேலிக்கு வருஷாவருஷம் வர்ணம் அடிக்க மட்டும் உத்தரவு வந்துகொண்டிருந்தது.

ரோட்டோரத்தில், பஸ் நிற்கும் இடத்தில், உரல் மறுபடி கவிழ்ந்து உட்கார்ந்தது. பெண்கள் மறுபடி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார்கள். கூடைகள் நேரத்துக்குச் சந்தைக்குப் போயின. ஞானராஜும் டவுனுக்குப் போக வேண்டுமென்றால் அங்கே வந்துதான் பஸ் ஏறுவார். அவர் ஸ்டேஷனில்தான் ரயில் நிற்காதே!

அப்படி அவர் நின்றுகொண்டிருந்த ஒரு நாள், ரோட்டு வேலையைப் பார்வையிட வந்த ஜீப் ஒன்று பக்கத்தில் நின்றது. கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி இறங்கினார். பஸ் வருகிற சத்தம் கேட்டது. வரிசையில் முதலில் நின்ற இரண்டு பெண்கள் குனிந்து உரலைத் தொட்டதை அவர் பார்த்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"என்னம்மா கல்லு இது? எல்லாரும் கும்பிடுறீங்க? ரொம்பப் பழசா? இதுக்கு ஏதாவது வரலாறு உண்டா?"

பெண்கள் எல்லோரும் ஞானராஜைப் பார்த்தார்கள். ஞானராஜ் முன்னால் வந்தார்.

"வரலாறுல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார். வெறுங்கல்லு. செருப்புல சேறு ஒட்டுனா இதுலதான் தேய்ப்போம்," என்றார்.

அதிகாரி நம்பாமல் செங்கமலத்தைப் பார்த்தார். "அப்ப எதுக்குக் கும்பிடுறீங்க?"

"கும்புடலீங்க சாமி. இடுப்பு வலி, குனிஞ்சு நிமிந்தா தேவலையா இருக்கும்," என்றாள் செங்கமலம். பஸ் வந்து நின்றதும், குனியாமல், தொடாமல், சேற்றுக் காலைத் தூக்கி உரலின் நடு மண்டையில் பொத்தென்று வைத்து பஸ்ஸில் ஏறினாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் அப்படியே மிதித்து ஏறினார்கள். ஞானராஜ் ஒரு தடவை செருப்பைத் தேய்த்துக் காட்டிவிட்டு ஏறினார்.

அதிகாரி பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் போய் உட்கார்ந்தார்.

ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் செங்கமலம் ஜன்னல் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தாயே, பொறுத்துக்க. ஒன்னய மதிச்சா தூக்கிட்டுப் போயிருவாய்ங்க," என்றாள்.

பொட்டலுக்கு அப்பால் காலை ரயில் வெறும் வேலியைக் கடந்துகொண்டிருந்தது. விசில் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.